முப்பத்தெட்டு வீட்டுக் கோழிகள்

அத்தியாயம் 11

"தொடாதேங்கிற. சாப்பிடுங்கிற. தொடாம எப்படித் தாயி பிரியாணி போடுறது?"

பிரியாணிக் கடை அக்பர் அலி கேட்டதும் தாடிக்கொம்பு பஸ் ஸ்டாப்பில் கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கேள்வி தன்னிடம் வராமல் இருந்திருந்தால் லிடியாவும் சிரித்திருப்பாள்.

அவள் ஒரு கையில் மைக். இன்னொரு கையில் நோட்டீஸ். ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அவள் மூச்சு விடுவதைக்கூட ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கிற கோழியைத் தொடலாம் பாய். நோய் வந்து செத்த கோழியைத்தான் தொடக் கூடாது."

"செத்த கோழியை நான் எதுக்குத் தொடப் போறேன்? என் கடைக்கு வர்றது எல்லாம் உயிரோடதான் வருது. நோயோட வருதா, நோயில்லாம வருதான்னு அது மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கு?"

லிடியா நோட்டீஸைப் பார்த்தாள். 'பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்' என்று இருந்தது. 'நன்கு வேகவைத்து உண்ணலாம்' என்று இருந்தது. அக்பர் அலிக்கான பதில் மட்டும் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.

எங்கோ மகாராஷ்டிராவில் பறவைக் காய்ச்சலில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்த செய்தி வந்து ஐந்தே நாள். அதற்குள் திண்டுக்கல் பக்கமே கோழியைக் கண்டு ஒதுங்கிப் போனது. அக்பர் அலி கடை வாசலில் 'மட்டன் மட்டும்' என்று சாக்பீஸால் எழுதிய பலகை. மாட்டாஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதமே ஆன லிடியாவைக் கூப்பிட்டு, ஒரு கட்டு நோட்டீஸையும் ஒரு ஆட்டோவையும் கொடுத்து, "ஜனங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அவளை அரித்துக்கொண்டிருந்தது அந்த நோட்டீஸ் மட்டும் இல்லை. அப்பாவும்தான்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனவள் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுத் திண்டுக்கல் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தாள். அந்தோணிக்களத்தில் அப்பா மிக்கேல்ராஜுக்கு இரண்டாயிரம் பிராய்லர் கொண்ட பண்ணை. வருகிற ஞாயிறு ஊர்க் கோயிலில் செபஸ்தியார் திருவிழா. அடுத்த புதன் சாம்பல் புதன். அப்புறம் தவக்காலம் முடியும்வரை கவுச்சி கிடையாது என்பதால், திருவிழா அன்னதானத்துப் பிரியாணிக்குச் சுற்றுப்பட்டு முழுக்க வந்து உட்காரும். இந்த வருஷம் அன்னதானப் பொறுப்பு மிக்கேல்ராஜ் கையில்.

கொள்ளை நோய்க்குக் காவல் செபஸ்தியார்தான். அதனால் அந்தப் பக்கம் ஒரு வழக்கம். வீட்டுக் கோழிகளுக்குச் சீக்கு வந்தால், பிழைத்து நிற்கும் ஒன்றின் காலில் சிவப்புத் துணியைக் கட்டி, 'மிச்சத்தைக் காப்பாத்துய்யா, இது உனக்கு' என்று நேர்ந்துவிடுவார்கள். திருவிழாவுக்கு அந்தக் கோழி வந்தாக வேண்டும். இந்த வருஷம் அப்படி வந்த கோழிகள் முப்பத்தெட்டு. எல்லாம் மிக்கேல்ராஜின் பண்ணையில், ஷெட்டின் கடைசியில், நடுவே ஒரு கம்பிவலை மட்டும் தடுப்பாக.

"சீக்கு வந்த வீட்டுக் கோழியெல்லாம் தேடிப் பிடிச்சு ஒரே எடத்துல சேர்த்து வச்சிருக்கீங்களேப்பா!" என்று கேட்டாள் லிடியா.

"நேர்ச்சைக் கோழிக்கு நோய் வராது" என்றார் அப்பா.

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. நான்கு நாள் ஆகிறது.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அம்மா.

"தாயி, வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல. நம்ம ஷெட்டுல கோழி நாலஞ்சு விழுந்து கெடக்கு. வெயிலுக்குத்தான்னு சொல்றாரு உங்கப்பா. உனக்குச் சொல்லக் கூடாதுன்னாரு. அதான் சொல்றேன்."

"நாலா? அஞ்சா?"

அந்தப் பக்கம் அம்மா ஜெயமேரி குரலை இறக்கினாள்.

"நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி மூணா?"

கத்திய பிறகுதான் மைக்கை அணைக்கவில்லை என்பது உறைத்தது. 'நாப்பத்தி மூணா' என்ற சத்தம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் பெருமாள் கோயில் பக்கம் வரை போய்ச் சேர்ந்தது.

கூட்டம் அவளையே பார்த்தது.

"என்ன தாயி நாப்பத்தி மூணு?" என்றார் அக்பர் அலி.

"பஸ் நம்பர் பாய்" என்றாள் லிடியா. பொய் சொல்லவும் அந்த மைக்கேதான் பயன்பட்டது.

*

ஆட்டோவை அனுப்பிவிட்டுத் தன் ஸ்கூட்டியில் வந்தவள், அதைப் பண்ணை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றாள்.

பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே போனால் செருப்பில் ஒட்டியது உன்னோடு வெளியே வரும். நாளைக்கு நீ எந்தப் பண்ணைக்குப் போகிறாயோ அங்கேயும் வரும். பையைத் துழாவினாள். ஆபீசில் கொடுத்த முகமூடி ஒன்று, கையுறை இரண்டு ஜோடி. காலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. டிபன் கட்டி வந்த பாலிதீன் பையையும், நோட்டீஸ் கட்டு வந்த பாலிதீன் பையையும் எடுத்து காலுக்கொன்றாக மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"என்னடி இது, சொந்த வீட்டுக்கு வர்றதுக்கு இம்புட்டு வேஷம்?" என்று அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா எங்கம்மா?"

"கோயிலுக்குப் போனாரு, அண்டா பாக்க. இப்ப வந்துருவாரு."

"ரோஷன்?" தம்பியையும் காணவில்லை.

"அவன் காலைலயே வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். உங்கப்பா என்னமோ சோலி சொல்லி அனுப்புனாரு. எங்கன்னு என்கிட்ட யாரு சொல்றா?"

செத்த கோழிகள் ஷெட் ஓரம் மூன்று உரச் சாக்குகளில் இருந்தன. லிடியா கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு சாக்கின் வாயை விரித்தாள். கொண்டை நீலம் பாய்ந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. பின்புறம் பச்சையாகக் கழிந்திருந்தது.

வெள்ளைக்கழிச்சலிலும் இப்படித்தான் இருக்கும். டாக்டர் பொன்னுத்துரை பயிற்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ரெண்டும் ஒரே முகம்மா, கண்ணால பாத்து யாரும் சொல்ல முடியாது, போபால் லேபுக்கு அனுப்பி அவங்க சொன்னாத்தான் உண்டு. வருஷா வருஷம் வந்துவிட்டுப் போகிற வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம். ஊரே நடுங்குகிற அதுவாகவும் இருக்கலாம். வெயிலாக மட்டும் இருக்காது. இது பிப்ரவரி.

சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மசாலா கொதிக்கும் வாசனை.

"அடுப்புல என்னம்மா?"

"கொழம்பு."

"என்ன கொழம்பு?"

ஜெயமேரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அம்மா! இதுலருந்தா எடுத்த?"

"செத்ததை எடுப்பனாடி? ரெண்டு தொவண்டு போயி நின்னுச்சு. சாகுறதுக்குள்ள அறுத்துட்டேன். நல்லா வேக வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே மைக்குல சொல்ற? ரெண்டு மணி நேரமாக் கொதிக்குது. இன்னும் என்ன வேகணும்?"

லிடியா அடுப்பைப் பார்த்தாள். அவள் சொன்னதுதான். காலை முதல் ஆறு இடத்தில் சொன்னது. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"திங்கிறதுல இல்லம்மா. அறுக்கிறதுலயும் உரிக்கிறதுலயும்தான் இருக்கு. றெக்கையைப் பிடுங்கும்போது பறக்குற தூசி, ரத்தம், கொடல்... அதுதான் மூக்கு வழியா ஏறும்."

"அதை ஏன் மைக்குல சொல்லல?"

"நோட்டீஸ்ல இல்லம்மா."

லிடியாவே போய் அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, அந்தச் சட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் மூடி வைத்தாள்.

*

டிவிஎஸ் பிப்டி சத்தம் கேட்டது. மிக்கேல்ராஜ் உள்ளே வந்து மகளின் காலில் இருந்த பாலிதீன் பைகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"பெத்த பிள்ளைகிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல?" என்றாள் ஜெயமேரி.

"அவ பிள்ளையா வரலையே. ஆபீசராக் காலுக்கு உறை போட்டுல்ல வந்திருக்கா."

"அப்பா, டாக்டருக்குப் போன் போடணும்."

"போடு. திங்கக்கெழம போடு. ஞாயித்துக்கெழம அன்னதானம் முடியட்டும்."

"அன்னதானத்துக்கு எந்தக் கோழிப்பா? இந்த ஷெட்டுக் கோழிதானே?"

"நல்லா இருக்கிறதா பாத்து எடுப்போம்."

"நல்லா இருக்கான்னு பாத்தா தெரியாதுப்பா. எனக்கே தெரியல!"

மிக்கேல்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு தாயி. அரை மைல்ல நைனா முகமது பண்ணை. அஞ்சாயிரம் கோழி நிக்குது. நீ ஒரு போன் போட்டா, சுத்திலும் இருக்கிற எல்லாக் கோழியையும் அடிச்சுக் குழியில போடுவாகன்னு பேப்பர்ல போட்டிருக்கான். பொழுது விடிஞ்சா அந்த மனுசன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? கடைசில இது வெள்ளக்கழிச்சல்னு வந்தா என்னை ஊர்ல என்ன சொல்லுவாக?"

"வெள்ளக்கழிச்சல்னு வந்தா எல்லாரும் பிழைச்சோம்ப்பா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் போன் போடணுங்கிறேன். அதுவா இருந்து, நாம மறைச்சு, நூறு பேரு உக்காந்து கோழி உரிச்சாங்கன்னா? ஆக்குறதுக்கு எத்தன பேரு வருவாக?"

"நூத்தி இருபது" என்றாள் ஜெயமேரி. "பொம்பளைகதான் எல்லாம்."

மிக்கேல்ராஜ் அவளை முறைத்தார்.

லிடியா போனைக் கையில் எடுத்தாள். எண்ணை அழுத்த விரல் வரவில்லை. அப்பா சொன்னதில் தப்பு எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. நைனா முகமது மாமா அவளுக்கு வேலை கிடைத்தபோது வீடு தேடி வந்து அல்வா கொடுத்தவர். இந்தப் போனுக்கு அப்புறம் அவர் ஷெட்டும் காலி. ஆனால் அந்த நூற்றிருபது பேரில் ஒருத்தி இருமிக்கொண்டு படுத்தால்?

தெரியாத இரண்டில் எது பெரியது? அவளுக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடுகிற வரை காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

அழுத்தினாள்.

"அப்ப நீ போட்டுட்ட" என்றார் மிக்கேல்ராஜ். கோபமாக அல்ல. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

*

"சொல்லு லிடியா" என்றார் டாக்டர் பொன்னுத்துரை.

சொன்னாள். எந்த ஊர் என்று அவர் கேட்டார். அந்தோணிக்களம் என்றாள். யார் பண்ணை என்று கேட்டார்.

"எங்கப்பா பண்ணை சார்."

டாக்டரின் குரலே மாறிவிட்டது. "நல்ல காரியம் பண்ணுன. ஒண்ணரை மணி நேரத்துல நான் அங்க இருப்பேன். அதுவரைக்கும் உள்ள இருக்கிறவங்க வெளிய போகக் கூடாது. வெளிய இருந்து யாரும் உள்ள வரக் கூடாது. ஒரு கோழி, ஒரு முட்டை, ஒரு சாக்கு நகரக் கூடாது. சரி, வெளிக்கோழி ஏதும் வந்து கலந்துச்சா?"

"நேர்ச்சைக் கோழி இருக்கு சார். முப்பத்தெட்டு. பல ஊர்லருந்து வந்தது."

"அடக் கடவுளே. அதுல எத்தன உசுரோட இருக்கு? எண்ணிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதில் வைத்தபடியே ஷெட்டுக்குள் நடந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கோழிகள். சில தலையைத் தூக்கிப் பார்த்தன. சில தூக்கவில்லை. கடைசிக்குப் போனாள். கம்பிவலை இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. கிழிந்த சிவப்புத் துணி ஒன்று உமியில் கிடந்தது.

ஒரு கோழிகூட இல்லை.

"அப்பா!"

மிக்கேல்ராஜ் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கப்பா அதெல்லாம்?"

"அதுக ஒண்ணும் சாகல. நல்லாத்தான் இருந்துச்சுக." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "காலைல நம்ம கோழி இப்படிக் கெடக்குறதைப் பாத்ததும் பதறிப் போச்சு. நேர்ந்துவிட்ட கோழி நம்ம எடத்துல செத்தா, நேர்ந்தவுக மனசு என்னாகும்? சாமி ஏத்துக்கலைன்னுல்ல நெனப்பாக. அதான் அவுகவுக வீட்லயே ஞாயித்துக்கெழம வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு..."

"திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"ரோஷன் கொண்டு போயிருக்கான். ஆறு மணிக்கே."

லிடியா வாட்சைப் பார்த்தாள். பதினொன்றரை.

அம்மாவின் போனை வாங்கி ரோஷனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். மறுபடி அடித்தாள். அதே குரல். சிறுமலை அடிவாரம் பக்கம் போயிருந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்தக் குரல்தான் பேசும்.

"லிடியா?" காதில் டாக்டர். "எண்ணியாச்சா?"

முப்பத்தெட்டுக் கோழி. எத்தனை ஊர்? எத்தனை வாசல்? ஒவ்வொரு வீட்டிலும் அதை வாங்கி எந்தப் பஞ்சாரத்தில், எந்தக் கோழிகளோடு அடைத்திருப்பார்கள்?

மிக்கேல்ராஜ் வந்தார். மகளின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"டாக்டர், நான் மிக்கேல்ராஜ். தப்பு என்னுது, பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக. கோழியை எல்லாம் வீடு வீடாத் திருப்பி அனுப்பிட்டேன். நான் ஒவ்வொரு வீடாச் சொல்றேன், எழுதிக்கிருங்க." மகளைப் பார்த்தார். "நீயும் எழுது."

லிடியா நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

"ஆரோக்கியம்மாள் வீடு, மேலத்தெரு. கருப்புச் சேவல். அடுத்து, ஓடைக்கரை சடையாண்டி வீடு. அவுக நம்ம வேதம் இல்ல, ஆனாலும் வருஷம் தவறாம நேர்வாக. கழுத்துல மயிர் இல்லாத பெட்டை. அப்புறம் மாயம்மாள் வீடு, செங்கக் கலர்ப் பொட்டு விழுந்த சேவல்..."

ஒரு சீட்டு இல்லை, ஒரு நோட்டு இல்லை. ஒவ்வொரு கோழியையும் கைநீட்டி வாங்கியவர் ஒவ்வொரு கோழியின் நிறத்தோடும் நேர்ந்தவர் வீட்டைச் சொன்னார். பத்து. பதினெட்டு. இருபத்தாறு. லிடியாவின் பேனா அவருக்குப் பின்னால் ஓடியது. நான்கு நாளாக அப்பாவின் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"...முப்பத்தேழு, பங்களாப் பக்கத்து வீடு பிராங்க்ளின். அம்புட்டுத்தான்."

"முப்பத்தெட்டுல்லப்பா?"

"ஒண்ணு யாரு கொண்டாந்ததுன்னு தெரியல. காலைல எந்திரிச்சுப் பாத்தா வலைக்குள்ள நின்னுச்சு. போன புதன்கெழம. சாம்பக் கலர்ப் பெட்டை. அதைக் கோயில் வளவுல விட்டுறச் சொன்னேன்."

"அது நம்ம வீட்டுது" என்றாள் ஜெயமேரி.

இருவரும் திரும்பினார்கள்.

"பின்னாடி நான் வளத்தேன்ல, ஆறு நாட்டுக்கோழி. போன வாரம் ஒண்ணொண்ணா விழுந்துச்சுக. பொறுப்பு எடுத்தவரு வீட்லயே சீக்குன்னு ஊரு பேசுமேன்னு யாருகிட்டயும் சொல்லல. மிச்சம் நின்ன ஒண்ணுக்கு நேர்ந்து, துணியக் கட்டி, விடியுமுன்ன கொண்டாந்து வலைக்குள்ள விட்டேன்."

"மத்த அஞ்சு?" என்றாள் லிடியா.

"ரெண்டு செத்துப் போச்சு, பொதைச்சேன். மூணு தொவண்டு கெடந்துச்சு. வீணாப் போகுமேன்னு..." ஜெயமேரி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "உரிச்சேன்."

மிக்கேல்ராஜ் போனை மகளிடம் நீட்டினார்.

"முப்பத்தேழு வீடு, ஒரு கோயில். எழுதிட்டேன்" என்றார் டாக்டர். "கெளம்பிட்டேன். கடைசியா ஒண்ணு மட்டும் சொல்லு லிடியா. கோழியைக் கையால எடுத்தவங்க, அறுத்தவங்க... வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா? இருமல்? மேலு வலி?"

"யாருக்கும் இல்ல சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

உச்சி வெயில் ஷெட் வாசலில் தகரம் மாதிரி அடித்தது. அந்த வெயிலில், ஜெயமேரி முந்தானையைத் தோள் இரண்டையும் சுற்றிக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். காலை வந்ததிலிருந்து அம்மா அதைத்தான் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறாள். லிடியா இப்போதுதான் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே, நெற்றியைத் தொட்டுப் பார்க்க அம்மாவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

ஜெயமேரி மூன்று எட்டுப் பின்னால் போனாள்.

"கிட்ட வராத தாயி" என்றாள்.